காங் யாட்சே-2: உச்சிக்கு நாள் குறிக்காதீர்கள்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நான்கைந்து நாள் நடந்தால், பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் காங் யாட்சே எதிரே வந்து நிற்கும். அதற்கு இரண்டு உச்சிகள். சுமார் 6,400 மீட்டர் உயரமுள்ள முதலாவது, இருபுறமும் செங்குத்தாக இறங்கும் பனிமுகட்டில் நடக்கப் பழகியவர்களுக்கு மட்டும். சுமார் 6,250 மீட்டர் உயரமுள்ள இரண்டாவதைத்தான் ‘முதல் ஆறாயிரம் மீட்டர் உச்சி’ என்று புதியவர்களிடம் விற்கிறார்கள். லடாக்கின் மற்றொரு ஆறாயிரம் மீட்டர் உச்சியான ஸ்டோக் காங்ரி 2020-இல் மூடப்பட்டதிலிருந்து, அங்கே போயிருக்க வேண்டிய கூட்டமும் இங்கே வரத் தொடங்கியது.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. இது நடைப்பயணம் அல்ல. மேல்பகுதி நாற்பது டிகிரி அளவுக்குச் சாய்ந்த, பனி மூடிய சரிவு. காலணியில் கிராம்பான் என்னும் இரும்பு முள்தகடு மாட்டி, பனிக்கோடரி பிடித்து, கயிற்றில் இணைந்து ஏற வேண்டும். 5,000 மீட்டர் உயரத்தை இதுவரை ஒருமுறையும் தொடாதவர்கள் இந்த ஆண்டு வேறு மலையைப் பார்ப்பது நல்லது.

உடற்பயிற்சி, கருவிகள் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே எழுதுவது வானிலையையும், அதற்கு இடம் கொடுத்துப் பயணத்தை அமைப்பதையும் பற்றி. நல்ல உடல்வாகோடு போயும் உச்சியைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பலரின் திட்டத்தில் வானிலைக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. ஞாயிறு விமானம், திங்கள் அலுவலகம், ஆகவே வெள்ளி அதிகாலை உச்சி என்று சென்னையில் உட்கார்ந்தே முடிவு செய்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அந்த மலையில் காற்று எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வந்திருக்காது.

முதலில் மாதம்

லடாக் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பெரும்பகுதியை இமயத்தின் பெருந்தொடர் தெற்கிலேயே கறந்துவிடுகிறது. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் பெய்ததுண்டு. அதனால்தான் இமாச்சலமும் உத்தராகண்டும் நனைந்து ஊறிக்கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லடாக்கில் மலையேற்றம் களைகட்டுகிறது.

ஆனால் வறண்ட ஊர் என்பதாலேயே அங்கே மழை ஆபத்து குறைவு என்று கொள்ளக் கூடாது. மழையைப் பிடித்து நிறுத்த மரமோ புல்லோ இல்லாத சரிவுகள் அவை. 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டி லே பகுதியில் கொட்டிய மழை சேற்றுவெள்ளமாக இறங்கி 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நம் ஊரில் ஒரு நல்ல மழை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகக்கூடிய அளவே அங்கே பேரிடராகிவிடும்.

ஈரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, பருவமழை சில நாட்கள் தன் எல்லையைத் தாண்டி வடக்கே பொங்கி வழிவது. மற்றொன்று, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற காற்றழுத்தத் தாழ்வு. இது பெரும்பாலும் குளிர்காலத்து விருந்தாளி. கோடையிலும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இமயத்தின் மேல் சந்தித்துவிட்டால் மலையில் யாருக்கும் வேலை இல்லை, கூடாரத்துக்குள் இருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்க ஒரு சிறு அடையாளம் உண்டு. பருவமழைக் காலத்தின் நடுவே சில நாட்கள் மத்திய இந்தியாவில் மழை ஓய்ந்துபோகும். காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம் வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தை ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில்தான் அடிவாரத்தில் கனமழையும், தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட அதிகமாக மாலை இடிமழையும் பெய்யும். ஆகஸ்டில் சென்னையில் தொடர்ந்து மாலை மழை என்றால், வடக்கே என்ன நடக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பாருங்கள். லடாக்கில் மழை என்பதற்கு இது சான்றாகாது. கவனிக்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

மாதங்களை இப்படிப் பிரிக்கலாம். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சரிவில் பழைய பனி நிறைய இருக்கும். கால் புதையும், ஏற்றம் மெதுவாகும், ஆனால் வழுக்கும் பயம் குறைவு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வெப்பம் அதிகம், பருவமழை வழிந்து வரும் வாய்ப்பும் அதிகம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை பொதுவாக வானம் தெளியும், இரவு கடுங்குளிராகும், சரிவில் மேல்பனி உருகிப்போய்க் கடினமான நீலப் பனிக்கட்டி வெளியே தெரியும். கிராம்பான் முனை சரியாகக் குத்தாவிட்டால் அது மன்னிக்காது. கிராம்பானில் நடந்து பழகியவர்களுக்கு இந்தக் கடைசிக் காலத்தையே பரிந்துரைப்பேன். பழகாதவர்கள் ஜூலையில் போகட்டும். கூடுதலாக இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபருக்கு இழுக்க வேண்டாம். பருவமழை விலகிய பிறகு இமயம் முழுவதும் தெளிவாக இருக்கும் என்பது பொதுவாக உண்மை; விலகும் நாட்கள் கொடியவை என்பதும் உண்மை. 2014-இல் ஹுட்ஹுட் புயல் அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டே நாளில் அதன் எச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகி, தோராங் கணவாயைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 உச்சிக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியவர்கள் உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும். 27 உடல்கள் மீட்கப்பட்டன. இருவர் அப்போது கிடைக்கவில்லை. தேர்ந்தவர்கள் உடன் இருந்தும் நடந்தது அது.

நாட்களைப் பரப்புவது

இந்தப் பயணத்தில் மிக முக்கியமான முடிவு இதுதான். அதை நீங்கள் காலெண்டர் முன் உட்கார்ந்து எடுக்கப்போகிறீர்கள்.

லே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. டெல்லியிலிருந்து விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல்மட்டத்து உடலை அந்த உயரத்தில் இறக்கிவைத்துவிடுவார்கள். அங்கே மூன்று நாள். முதல் நாள் படுக்கையும் தண்ணீரும் மட்டும். ஷாந்தி ஸ்தூபியின் படிகளைக்கூட மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மார்க்கா பள்ளத்தாக்கில் ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் ஊர்கள் வழியாக நிமாலிங் மேய்ச்சல்வெளி நோக்கி நான்கு நாள். வண்டிச் சாலை ஆண்டுக்கு ஆண்டு உள்ளே நீண்டுகொண்டிருப்பதால் இதை இரண்டு நாளாகச் சுருக்கித் தருகிறோம் என்று சில முகவர்கள் சொல்வார்கள். ஏற்காதீர்கள். அந்த நடைதான் உடம்பை உயரத்துக்குப் பழக்குகிறது. 5,000 மீட்டரை ஒட்டியிருக்கும் அடிவார முகாமில் பழகலுக்கு ஒரு நாள், உச்சிக்கு ஒரு நாள், காத்திருக்க இரண்டு நாள், வெளியேற ஒரு நாள், லேயில் விமானத்துக்கு முன் ஒரு நாள். மொத்தம் 13 நாள்.

அந்த இரண்டு காத்திருப்பு நாட்களை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மார்க்கா கிராமத்தில் வீட்டுச் சாப்பாடு நன்றாக இருக்கிறது, இன்னொரு நாள் தங்கலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அங்கே செலவழித்த நாள் மேலே கிடைக்காது. காத்திருப்பு நாட்களுக்கான உணவும் அடுப்பு எரிபொருளும் முதலிலேயே மூட்டையில் ஏறியிருக்க வேண்டும். குதிரைக்காரருக்கு அந்த நாட்களுக்கும் கூலி உண்டு என்று லேயிலேயே பேசி முடித்துவிடுங்கள். இதைப் பேசாத குழுக்களில், வானிலை கெட்ட நாளில் முகாமில் நடக்கும் விவாதம் வானிலையைப் பற்றியதாக இருக்காது; யார் பணம் கொடுப்பது என்பதைப் பற்றியதாக இருக்கும். குதிரைக்காரருக்கும் அடுத்த வாரம் வேறு வாடகை காத்திருக்கிறது அல்லவா?

நிலவு பற்றி ஒரு சொல். பௌர்ணமியை ஒட்டி உச்சிநாளை வைத்துக்கொள்வது பலரின் பழக்கம். இரவு முழுக்க ஏறுவதால் நிலவொளி பேருதவிதான். ஆனால் பௌர்ணமிக்காக நல்ல வானிலையுள்ள அமாவாசை இரவைத் தள்ளிப்போடுவது வீண். தலைவிளக்குக்குக் கூடுதல் பேட்டரி போதும்.

முன்னறிவிப்பைப் பார்ப்பது

வீட்டிலிருந்து புறப்படும் முன்பு ஒரு வாரமாவது தினமும் பார்த்துப் பழகுங்கள். அன்றைய முன்னறிவிப்பு என்ன சொன்னது, உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால், எதை எவ்வளவு நம்பலாம் என்று பிடிபடும். மூன்று நாள்வரை நம்பித் திட்டமிடலாம். ஐந்தாம் நாள் திசையை மட்டும் காட்டும். பத்தாம் நாளைப் பற்றி எந்தச் செயலி என்ன படம் வரைந்தாலும் அதைவைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

‘லே வானிலை’ என்று தேடி வருவது உங்களுக்குப் பயன்படாது; நீங்கள் இருக்கப்போவது அதற்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் மேலே. விண்டி போன்ற செயலிகளில் உயரத்தை மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு) என்ற அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் லடாக்கின் மேல் அந்த அழுத்தம் ஏறத்தாழ 5,800 மீட்டரில் இருக்கும். சரிவின் மேல்பகுதிக்கு மிக அருகில். அங்கே காட்டும் காற்றுவேகத்தையும் வெப்பநிலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் காற்று முகட்டின்மேல் நெருக்கப்பட்டுப் பாய்வதால் இன்னும் வேகமாகவே இருக்கும்.

செயலி காட்டும் கணிப்புகள் கணினி மாதிரிகளிலிருந்து வருபவை. ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி என்று இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் மழை காட்டினால் பெரும்பாலும் மழைதான். ஒன்று மழையும் மற்றொன்று வெயிலும் காட்டினால், மனத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். மோசமானதை வைத்துத் திட்டமிடுங்கள். இந்த மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பார்க்கின்றன. ஒரு கட்டத்துக்குள் வரும் உச்சியும் பள்ளமும் சராசரியாகிவிடுவதால், அவற்றின் கணக்கில் உங்கள் மலை உண்மையைவிடக் குட்டையானது. மதியத்தில் ஒரு சரிவின்மேல் மட்டும் எழும் மேகம் அவற்றுக்குத் தெரியாமலே போகலாம்.

மழை அளவைப் பனியாக மாற்ற எளிய கணக்கு: 1 மில்லிமீட்டர் நீர் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் புதுப்பனி. செயலி 15 மில்லிமீட்டர் என்றால் சரிவில் 15 சென்டிமீட்டர் புதுப்பனி, காற்று அள்ளிச் சேர்த்த இடங்களில் அதற்கும் மேல்.

இவற்றோடு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் லே மையம் வெளியிடும் அறிக்கையையும் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் மேலே உள்ள நுணுக்கங்கள் எதுவும் தேவையில்லை.

குளிரின் கணக்கு

ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். வறண்ட காற்றில் இன்னும் கூடுதலாகவும் குறையலாம். ஜூலையில் லேயில் இரவு 10 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 8-ஐ ஒட்டி இருக்கும். கேட்க அவ்வளவு பயமாக இல்லை. காற்றைச் சேர்த்துப் பாருங்கள்: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று, திறந்த தோலுக்கு மைனஸ் 15 போல, 40 கிலோமீட்டர் காற்று மைனஸ் 21 போல, 50 கிலோமீட்டர் மைனஸ் 22 போல. செப்டம்பரில் மைனஸ் 15-உம் 40 கிலோமீட்டரும் சேர்ந்தால் மைனஸ் 27. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறாவிட்டாலும் உச்சியில் அழுத்தம் கடல்மட்டத்தில் பாதிக்கும் குறைவு. உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் அதோடு குறைந்திருக்கும். விரல்களும் கால்விரல்களும் முதலில் மரத்துப்போகும். மரத்துப்போன பிறகு வலி நின்றுவிட்டது என்று மகிழ்கிறவர்கள்தான் உறைகடிக்கு (குளிரில் தசை உறைந்து சிதைவது) ஆளாகிறார்கள்.

எனவே நான் வைத்துக்கொள்ளும் எல்லை இது. 500 ஹெக்டோபாஸ்கல் அடுக்கில் காற்று 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் போகலாம். 30-க்கும் 45-க்கும் இடையில் குழுவின் பலத்தைப் பார்த்து முடிவு. அதற்குமேல் புதியவர்கள் போக வேண்டாம். இது அரசு விதி அல்ல. அனுபவசாலிகள் வேறு எண் சொல்லலாம். எண் எதுவானாலும் லேயில், வயிறு நிறைந்து தலை தெளிவாக இருக்கும்போது, எழுதி வைத்துவிட வேண்டும். 5,000 மீட்டரில் பசியும் தலைவலியுமாகக் கூடாரத்துக்குள் முடங்கியிருக்கும்போது எண்களை வளைப்பது மிக எளிது.

குளிரைப் பேசும்போது வெயிலை மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு புறஊதாக் கதிர் கூடும். புதுப்பனி அதில் பெரும்பகுதியைக் கீழிருந்து முகத்திலேயே திருப்பி அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் இருண்ட கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் கதிரால் கண் தெரியாமல் போகும் பனிக்குருடு வந்தவரைச் சரிவில் இறக்குவது பெரும்பாடு.

தகவல் எப்படி வந்து சேரும்?

மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் லேயில் உதவும். பள்ளத்தாக்குக்குள் நெட்வொர்க் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டமிட முடியாது. வெளிநாட்டு நண்பர் கொடுத்த சேட்டிலைட் போனையோ, செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியையோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டுக் காவல் நிலையம் போனவர்கள் உண்டு.

ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “நாங்கள் நிமாலிங்கில் இருக்கும்போது புதிய முன்னறிவிப்பு எங்களுக்கு எப்படி வரும்?” பலரிடம் பதில் இருக்காது. அப்படியானால் புறப்படும் காலையில் ஐந்து நாள் படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வானம்தான் செய்தி. எதிரே கொங்மாரு கணவாயிலிருந்து இறங்கி வரும் குழுக்களிடம், இரண்டு நாள் முன்பு லேயில் கேட்டது என்ன என்று விசாரியுங்கள். நிமாலிங்கில் கோடைக்கு ஆடுகளோடும் யாக்குகளோடும் தங்கியிருக்கும் மேய்ப்பர்களிடமும் கேளுங்கள். மேல்மேய்ச்சலுக்குப் போன மந்தையை அவர்கள் நண்பகலிலேயே திருப்பி ஓட்டி வந்தால், அன்று மாலை நீங்கள் கூடாரக் கயிறுகளில் கூடுதல் கல் வையுங்கள்.

ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்ற நினைப்பில் இருப்பவர்களுக்கு: ஆள் அனுப்பிச் செய்தி சொல்லவே நேரம் பிடிக்கும், வானிலை கெட்டால் அது பறக்காது. மோசமான நாளில்தான் உங்களுக்கு அது தேவைப்படும்.

மலையேறும் அனுமதி, இந்திய மலையேற்ற அறக்கட்டளைக்கான கட்டணம், ஹெமிஸ் தேசியப் பூங்காக் கட்டணம் ஆகியவற்றை லேயில் உள்ள முகவர்களே முடித்துத் தருவார்கள். ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு காட்டும் நேரம்

மார்க்கா ஆறு பனி உருகலில் ஓடுவது. காலையில் முழங்காலளவு இருக்கும் ஓடை மாலையில் இடுப்பளவுக்கு வரும். உருகிய நீர் பள்ளத்தாக்கில் இறங்கி வர நேரமாவதால் கீழே உள்ள ஊர்களில் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது பொழுது சாய்ந்த பிறகாகவும் இருக்கலாம். இப்போது பல இடங்களில் பாலம் இருக்கிறது. மழைக்குப் பிறகு அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடக்க வேண்டிய நீரை முற்பகலில் கடந்துவிடுங்கள். தெளிந்த நாளில் ஆறு கலங்கிச் சேறாக ஓடினால், எங்கோ ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் மழை பெய்திருக்கிறது. வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள், தரை எவ்வளவு சமமாக இருந்தாலும் சரி.

முகாமிலிருந்து வானத்தைப் பார்த்தல்

காலையில் தெளிந்த வானம், பதினோரு மணிக்குச் சிறு பஞ்சுமேகம், மூன்று மணிக்குச் சிறு தூறலோ பனித்துகளோ, இரவில் மீண்டும் நட்சத்திரம். இது வழக்கமான நாள், கவலைப்பட ஒன்றுமில்லை. அதே பஞ்சுமேகம் ஒன்பது மணிக்கே தோன்றி, அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், பிற்பகலில் இடி வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

பெரிய மாற்றம் வேறு மாதிரி வரும். முதலில் மேற்கே மிக உயரத்தில் இறகு மேகங்கள். பிறகு வானம் முழுக்க மெல்லிய பால்நிறத் திரை; சூரியனையோ நிலவையோ சுற்றி வட்டம். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று நம் ஊரில் சொல்வது அங்கேயும் செல்லும். அந்த உயரத்திரையிலுள்ள பனிப்படிகங்கள்தான் வட்டத்தை உண்டாக்குகின்றன, அதன் பின்னால் கனத்த மேகம் வருவது வழக்கம். வட்டம் தெரிந்தபின் திரை தடித்துச் சூரியன் மங்கிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பனி. வட்டத்தைப் பார்த்த இரவே உச்சிக்கு ஓடிவிட்டால் முந்திவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். முந்தலாம்தான். இறங்கும்போது அகப்பட்டால்?

உச்சிமுகட்டில் பனித்தூள் கொடிபோல நீண்டு பறந்தால் மேலே காற்று பலம். நீங்கள் நிற்கும் இடத்தில் ஓர் இலைகூட அசையாதிருக்கும், அதை நம்பாதீர்கள். லென்ஸ் வடிவ மேகம் உச்சியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே செய்தி.

உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் அதுவே காற்றழுத்தமானி. முகாமில் அசையாமல் வைத்த கடிகாரம் நேற்று இதே நேரத்தில் காட்டியதைவிட 40 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், முகாம் உயரவில்லை, அழுத்தம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது, வானிலை கெடலாம். ஒரே நாளுக்குள்ளும் அழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் காலையை மாலையோடு ஒப்பிடக் கூடாது. காலையைக் காலையோடு ஒப்பிடுங்கள்.

புதுப்பனி விழுந்தால், அது நின்றதும் புறப்பட்டுவிடக் கூடாது. சரிவில் சேர்ந்த சுமை நிலைகொள்ள ஒன்றிரண்டு நாள் ஆகும். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் இறங்குகின்றன. காத்திருப்பு நாட்கள் இரண்டு என்று சொன்னதன் காரணம் இதுதான்.

புறப்படும் இரவு

இரவு பதினொன்றுக்கு எழுந்து வெளியே வாருங்கள். நட்சத்திரம் தெரிகிறதா, கூடாரத் துணி எவ்வளவு அடிக்கிறது, தரையில் புதுப்பனி எத்தனை விரல், குழுவில் யாருக்காவது தலைவலியோடு வாந்தி இருக்கிறதா. எல்லாம் சரி என்றால் நள்ளிரவில் கிளம்பலாம். சரியில்லை என்றால் ஒரு மணிக்கு மறுபடி பாருங்கள். இரண்டு மணிக்கும் தெளியாவிட்டால் அன்றைய நாள் முடிந்தது, தூங்குங்கள். தாமதமாகக் கிளம்பினால் விடியலில் இறுகியிருக்க வேண்டிய பனியை வெயிலில் இளகிய நிலையில் சந்திப்பீர்கள்.

வழிகாட்டியிடம் “போகலாமா?” என்று கேட்டால், பணம் கொடுத்து வந்த விருந்தினரின் முகம் வாடக் கூடாது என்று “முயன்று பார்ப்போம்” என்றே சொல்வார். “உங்கள் தம்பி வந்திருந்தால் இன்றைக்குக் கூட்டிப்போவீர்களா?” என்று கேளுங்கள். பதில் வருமுன் அவர் வானத்தை ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பார்.

மிகக் கடுமையான குளிர் விடியலுக்குச் சற்று முன்பு. நீங்கள் அப்போது சரிவின் நடுவில், மிகவும் களைத்து இருப்பீர்கள். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாகச் சட்டைக்குள் வையுங்கள். உறைந்தாலும் வாய்ப்பகுதி உறையாது. சூரியன் வந்ததும் மனம் தெம்பாகும், காற்றும் சில நாட்களில் அதே நேரத்தில் எழும்பும். தெம்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கடிகாரத்தை வைத்து எடுங்கள். காலை ஒன்பதுக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது என் பரிந்துரை, உச்சி ஐம்பது மீட்டர் தூரத்தில் தெரிந்தாலும். இறக்கத்துக்கும் சில மணி நேரம் வேண்டும். நண்பகலில் பனி இளகும், மேலே வெயில் பட்ட பாறைகள் கற்களை உதிர்க்கத் தொடங்கும், பிற்பகல் மேகம் சூழ்ந்தால் ஏறிவந்த தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஏறும்போதே திருப்பங்களை ஜிபிஎஸ்ஸில் குறித்து வையுங்கள்.

வெளியேறும் வழி

உச்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பலர் இந்த இடத்தில் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நிமாலிங்கிலிருந்து வெளியேறும் வழக்கமான வழி 5,200 மீட்டரை ஒட்டிய கொங்மாரு கணவாய். அதை ஏறுவது எளிது. மறுபுறம் ஷாங் சும்டோ நோக்கி இறங்கும் பாதை குறுகிய பாறைப் பிளவு வழியாக, ஓடையைத் திரும்பத் திரும்பக் கடந்து போகிறது. இரவில் நல்ல மழை பெய்திருந்தால் அந்தப் பிளவுக்குள் காலையில் இறங்காதீர்கள். அரை நாள் நிமாலிங்கில் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். பெய்யாத நாளில் அதிகாலையில் கிளம்பி, மேகம் எழுமுன் கணவாயைக் கடந்து, நண்பகலுக்குள் பிளவின் கீழ்வாயை எட்டிவிடுங்கள். வண்டியை ஷாங் சும்டோவுக்கு மாலைக்குச் சொல்லி வையுங்கள், மதியத்துக்கு வேண்டாம். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். மேகமோ காற்றோ மிஞ்சினால் ரத்தாகும். ரத்தானால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டையே வாங்குங்கள், சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும்.